தெரு ராப்பரும் பரிசோதனை பீட் செய்பவரும் சேர்ந்து ஆல்பம் போட்டால் யார் யாருக்கு வளைய வேண்டும்?

கேள்வியில் சொன்ன நிலைமை இதுதான்: ராப்பர் நேராக அடிக்கும் டிரம்ஸில் பாடிப் பழகியவர். ராப்புக்குப் பின்னணி இசையான பீட்டைச் செய்யும் புரொடியூசர் அனுப்புபவையோ பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியவை, கொஞ்சம் நொண்டி நொண்டி நடப்பவை. பீட்டைத் திருத்துவதா, ராப்பை மாற்றுவதா?

பீட்டைத் தொடாதீர்கள். அந்த நொண்டலைச் சீராக்கினால் அது யாரிடமும் கிடைக்கும் பீட்டாகிவிடும். பிறகு அந்தப் புரொடியூசர் எதற்கு? இந்த வகைக் கூட்டணிக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2014 மார்ச்சில் வந்த ‘பின்யாட்டா’. இண்டியானாவின் கேரி நகரத்து ஃப்ரெடி கிப்ஸும் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டைச் சேர்ந்த மேட்லிப்பும் செய்தது. அவர்களும் நேராக ஆல்பத்தில் குதிக்கவில்லை. 2011, 2012, 2013 என்று வருஷத்துக்கு ஒரு இ.பி. (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு வெளியீடு) வெளியிட்டுவிட்டுத்தான் ஆல்பத்துக்கு வந்தார்கள். நீங்களும் முதலில் மூன்று பாட்டு மட்டும் செய்து பாருங்கள். இடிப்பதெல்லாம் அந்த மூன்றிலேயே இடித்துவிடும்.

முதல் சிக்கல் டெம்போ, அதாவது வேகம். பீட்டை ரெக்கார்டிங் மென்பொருளில் போட்டதும் அது தானாக ஒரு பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) கணித்து, ஆடியோவை இழுத்துச் சரிசெய்யப் பார்க்கும். அந்த வசதியை முதலில் அணையுங்கள். பிறகு லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டின்) நீளத்தைக் கையால் அளந்து பாருங்கள். 2 பார் (ஒரு பாருக்கு 4 அடி) லூப் 5.41 வினாடி ஓடுகிறது என்றால், 8 அடியை 60ஆல் பெருக்கி 5.41ஆல் வகுக்க வேண்டும்: 88.72 பிபிஎம். இதை 89 என்று முழுமையாக்கினால் ஒரு லூப்புக்கு 17 மில்லிவினாடிதான் வித்தியாசம், யாருக்கும் கேட்காது. ஆனால் 16 பார் முடியும்போது அது 134 மில்லிவினாடி ஆகியிருக்கும். ஒரு பதினாறாம் நோட்டில் (கால் அடியில்) கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு. வெர்ஸின் (ராப் பகுதியின்) தொடக்கத்தில் கச்சிதமாக விழுந்த டிலே (குரலின் எதிரொலி) கடைசி வரியில் கண்ட இடத்தில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முழுக்கக் கையால் வாசித்த பீட் என்றால் ஒரே எண் உதவாது. ஒவ்வொரு பாரின் முதல் கிக்கிலும் (தாழ்ந்த டிரம் அடி) குறி வைத்து, பாருக்குப் பார் வேகம் மாறுவதைக் காட்டும் டெம்போ மேப் போட வேண்டும்.

ஸ்விங், அதாவது இடையில் விழும் அடியைத் தாமதிக்கும் அந்த நொண்டல், வேறு கதை. 90 பிபிஎம்மில் ஒரு எட்டாம் நோட்டு (அரை அடி) 333 மில்லிவினாடி. நேர் அடியில் அதன் நடுவே, 167இல், அடுத்த ஹை-ஹாட் (சிறு ஜால்ரா அடி) விழும். 58 சதவீத ஸ்விங்கில் அது 193இல் விழும். இந்த 26 மில்லிவினாடித் தாமதத்தைத்தான் காது ‘சோம்பல்’ என்று உணர்கிறது. வேகமாக வார்த்தைகளை அடுக்கும் ராப்பர் ஹை-ஹாட்டைப் பின்தொடர்ந்தால் அதோடு சேர்ந்து தானும் தடுமாறுவார். ஹை-ஹாட்டை மறந்துவிட்டு ஸ்நேரை (கூர்மையாக அறையும் டிரம் அடியை) பிடிக்கச் சொல்லுங்கள். வரியின் அழுத்தமான சொல் ஸ்நேரில் விழுந்தால் போதும், இடையில் உள்ள அசைகள் நேராகவே போகலாம். நொண்டும் பீட்டின் மேல் இரும்புக் கம்பி போல நேராக நிற்கும் குரல், இந்தக் கூட்டணியின் ருசியே அதுதான். டிரம்ஸே இல்லாத லூப்பாக இருந்தால் பேஸ் நோட் மாறும் இடம்தான் ஸ்நேர்.

எழுதும்போது மூச்சுக்கு இடம் விடுங்கள். ஒரு பாரில் 16 இடம் இருக்கிறது; பதினாறையும் அசையால் அடைத்தால் மூன்றாவது பாரில் குரல் தேயும். இரண்டு பாருக்கு ஒருமுறை கடைசி இரண்டு இடத்தைக் காலியாக விட்டால் 88 பிபிஎம்மில் சுமார் 340 மில்லிவினாடி கிடைக்கும், ஒரு மூச்சுக்கு அது போதும்.

லூப் எத்தனை பார் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். பரிசோதனை ஆட்கள் 3 பார் லூப்பைச் சர்வசாதாரணமாக அனுப்புவார்கள். அதில் 16 பார் வெர்ஸ் எழுதினால் ஹூக் (பல்லவி) லூப்பின் இரண்டாவது பாரில் வந்து மோதும். 12 அல்லது 18 பார் எழுதுங்கள்.

பாடகர் ஒருவர் ஹூக் பாடுகிறார், சுருதி சேரவே இல்லை என்ற புகாரும் வரும். பாவம், அவர் மேல் தப்பில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டை 45இல் ஓட்டிச் சாம்பிள் (வெட்டியெடுக்கும் துண்டு) எடுத்தால் வேகம் 1.35 மடங்கு, சுருதி 5.2 அரைச்சுரம் ஏறும். அந்த 0.2தான் வில்லன்: எந்தக் கட்டையிலும் உட்காராமல் 20 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் இருபது பங்கு) மேலே தொங்கும். பீட்டை இறக்காமல், சுருதித் திருத்தியின் (பாடகரின் சுருதியைச் சரிசெய்யும் மென்பொருளின்) ஆதாரத்தை 440 ஹெர்ட்ஸிலிருந்து 445க்கு மாற்றுங்கள். மேலே வாசிக்கும் கீபோர்டுக்கும் அதே 20 சென்ட்.

ரெக்கார்டிங்கில் சொல்ல அதிகமில்லை. 24 பிட், மைக்கிலிருந்து 15–20 செ.மீ., உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல். வரி வரியாக ஒட்டாமல் முழு வெர்ஸாக நான்கைந்து டேக் எடுங்கள். ஒட்டுப்போட்ட குரலை இந்த மாதிரி வெறுமையான பீட் காட்டிக்கொடுத்துவிடும்.

மிக்ஸிங்தான் கடினம், ஏனென்றால் சாம்பிள் என்பது ஏற்கெனவே யாரோ மிக்ஸ் செய்து முடித்த ஒரு முழு இசைக்குழு. கிக், ஸ்நேர், பேஸ், சாம்பிள் என்று தனித்தனி ஸ்டெம் (தனி ஒலிக்கோப்பு) கேளுங்கள், உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் போடாமல், 6 டெசிபல் இடம் விட்டு. சாம்பிளின் 2–4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் குரல் வரும்போது மட்டும் 2–3 டெசிபல் இறங்கும்படி டைனமிக் ஈக்யூ (தேவைப்படும்போது மட்டும் ஒலிப்பகுதியைக் குறைக்கும் கருவி) போடுங்கள். நிரந்தரமாக வெட்டினால் வரிகளுக்கு நடுவே பீட் இளைத்துக் கேட்கும். ஸ்டெம் இல்லை, ஒரே ஸ்டீரியோ ஃபைல்தான் என்றால் ஸ்டீரியோவின் நடுவில் (இடது, வலது இரண்டிலும் பொதுவாக வரும் ஒலியில்) மட்டும் வெட்டலாம். ஆனால் சாம்பிள் மோனோ என்றால் எல்லாமே நடுவில்தான் இருக்கும். ஸ்நேரும் சேர்ந்து மங்கும், அதனால் 1 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறுதிக் கம்ப்ரஸரை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவியை) அழுத்தினால் தட்டின் கரகரப்பும் சேர்ந்து ஏறும். கரகரப்பு ராப்பரை விடச் சத்தமாக வந்தால் அங்கேதான் பாருங்கள்.

கடைசியாகப் பணமும் அனுமதியும். ஒரு சாம்பிளுக்கு இரண்டு உரிமை உண்டு: ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாட்டின் இயற்றலுக்கு ஒன்று. அதே மெட்டை நீங்களே புதிதாக வாசித்துக்கொண்டால் இரண்டாவது மட்டும் போதும். ‘சின்னத் துண்டுதானே’ என்பதை நம்ப வேண்டாம். அமெரிக்காவிலேயே 2005இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் எவ்வளவு சிறிய துண்டுக்கும் அனுமதி வேண்டும் என்றது, 2016இல் இன்னொன்று அதை ஏற்க மறுத்தது. சாம்பிள் வெட்டும் அன்றே தட்டின் பெயர், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம் என்று புரொடியூசர் குறித்து வைக்கட்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கே தெரியாது. எழுத்துரிமையில் வரிக்குப் பாதி, இசைக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். ஆனால் சாம்பிளின் சொந்தக்காரர் கேட்கும் பங்கு இசைப் பாதியிலிருந்து மட்டும் போகுமா, இருவரிடமிருந்தும் போகுமா என்பதை முதல் பாட்டு முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.