சிச்லிட் சண்டை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, 4 அடி மீன் தொட்டியில் யெல்லோ லேப், டெமசோனி, ஆரட்டஸ் என்று சிச்லிட் மீன் குடும்பத்தின் மூன்று இனங்களிலும் இரண்டிரண்டு விட்டேன். ஒரே ஒரு ஆரட்டஸ் மற்ற எல்லாவற்றையும் மூலையில் ஒதுக்கிவிட்டது. எல்லாமே ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்தானே?

பதில்: ஒரே ஏரி என்றால் ஒற்றுமையாக இருக்கும் என்று யார் சொன்னது தம்பி? இவை மூன்றும் எம்புனா, அதாவது பாறை இடுக்கில் வாழ்பவை. ஆண் மீனுக்கு இரையும் துணையும் தன் பாறையைச் சுற்றித்தான். அதனால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காது. ஏரியில் தோற்ற மீன் எங்காவது ஓடிவிடும். உங்கள் தொட்டியில் ஓடினால் கண்ணாடிதான். அதிலும் ஆரட்டஸ் எம்புனாக்களிலேயே பெரிய முரடு. அழகைப் பார்த்து வாங்கிவிடுகிறோம், நானும் ஒரு காலத்தில் வாங்கியவன்தான். அதை வெளியே எடுத்துவிடுங்கள். யெல்லோ லேப் சாது, பிரச்சினை இல்லை. டெமசோனிக்குத் தன் இனத்தோடுதான் தீராப் பகை. இரண்டு வைத்தால் ஒன்று சாகும். பன்னிரண்டுக்கு மேல் வையுங்கள், இல்லையென்றால் ஒன்றே போதும்.

கேள்வி: நெருக்கமாக வைத்தால் சண்டை குறையுமா?

பதில்: எம்புனாவுக்குக் குறையும். விரட்டுகிறவனால் ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்த முடியாது, அடி பலருக்கும் பங்காகிவிடும். ஆனால் ஃபில்டர் வலுவாக இருக்க வேண்டும், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்ற வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் இருக்கட்டும். ஒரே நிறம், ஒரே மாதிரிக் கோடு உள்ள இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள். வேறு இனமாக இருந்தாலும் போட்டியாளன் என்றே நினைக்கும். இந்த நெருக்கடி வைத்தியத்தை ஆஸ்கர் போன்ற பெரிய அமெரிக்க சிச்லிட்களிடம் காட்டாதீர்கள்.

கேள்வி: புதிதாக விடும் மீனைப் பழைய மீன்கள் கடிக்கின்றன.

பதில்: முதலில் பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள். பழைய எல்லைகள் அழிந்துவிட்டால் எல்லோருமே புதுக் குடித்தனம். பழையவற்றுக்கு இரை போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, புதியவற்றை நாலைந்தாகச் சேர்த்து விடுங்கள். ஒரு முறை சோம்பல்பட்டு ஒன்றை மட்டும் விட்டேன். காலையில் அதற்கு வாலே இல்லை.

கேள்வி: சார், 3 அடி தொட்டி. கன்விக்ட் சிச்லிட் ஜோடி முட்டையிட்டதிலிருந்து ஆஸ்கரையே விரட்டுகிறது!

பதில்: விரட்டத்தான் செய்யும். அப்பா அம்மா இரண்டும் சேர்ந்து காவல் காக்கும் இனம் அது. முட்டை பொரித்தாலும் ஓயாது. குஞ்சுகளை வாரக்கணக்கில் காக்கும். ஜோடியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். அப்புறம், ஆஸ்கர் ஓர் அடி வளரும் மீன். கன்விக்ட் இல்லாவிட்டாலும் அதற்கு 3 அடி பத்தாது.

கேள்வி: உயரமான தொட்டி வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இவை சண்டை போடுவது தரைக்காக. நீளமும் அகலமும் பாருங்கள்.

கேள்வி: எது சும்மா மிரட்டல், எது ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: செவுளை விரிப்பது, உடலை உதறுவது, பக்கவாட்டில் நின்று பெருமை காட்டுவது எல்லாம் வாய்ச்சண்டை மாதிரி. விரட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாலும் கவலை வேண்டாம். தொட்டி முழுக்க விடாமல் துரத்தினால்தான் ஆபத்து. அடிபடும் மீன் மேல்மட்டத்து மூலையில், ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டி நிற்கும். துடுப்பு கிழிந்திருக்கும், இரைக்கும் வராது. அப்படி ஒன்று நின்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், இன்றே பிரித்துவிடுங்கள்.