மரச்சுத்தியலால் நிமிர்ந்த வட்டம்

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் வெள்ளைக்காரர்களின் அளவைக் கருவி மோதி உடைந்ததாமே? லாம்டனும் எவரெஸ்டும் சேர்ந்து அளந்தபோது நடந்ததா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: நடந்தது உண்மைதான் அம்மா. ஆனால் அது 1808-இல். ஜார்ஜ் எவரெஸ்ட் (சிகரத்துக்கு வைத்திருப்பது இவர் பெயரைத்தான்) லாம்டனிடம் உதவியாளராக வந்ததே 1818-இல்தான்.

1802 ஏப்ரலில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோடு, அளந்து இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கினார் ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன். நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து அதை அளக்கவே 57 நாள் ஆனது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானியும் கூடவே இருந்தது. அப்புறம் முக்கோணம் முக்கோணமாகக் கோணம் பார்த்தே தூரத்தைக் கணக்கிட்டார்கள். அதற்கு உயரமான இடம் வேண்டும். காவிரிப் படுகையில் குன்றுக்கு எங்கே போவது? தென்னந்தோப்புக்கு மேலே தெரிவது கோயில்கள்தான். சரி என்று அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) கயிறு கட்டி விமானத்தின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, 36 அங்குல வட்டம் நெளிந்துபோனது.

முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். ஒருமுறை சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி வளைந்திருந்ததைக் கவனிக்காமல் எல்லைக்கல் நட்டுவிட்டேன். வரப்பில் நின்ற அண்ணன் தம்பி இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் கல்லைப் பிடுங்கி மறுபடி அளந்தேன். ஒரு கண்ணிக்கே அந்தப் பாடு. லாம்டனுக்கு நெளிந்தது கோணம் பார்க்கும் வட்டமே!

அவர் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். தலைமைக் கைவினைஞர்கள் தவிர யாருக்கும் அனுமதியில்லை. கருவியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து நெளிந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதில் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியல்களால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரத்தில் வட்டம் ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

லாம்டனும் எவரெஸ்டும் சேர்ந்திருந்தது சில வருஷம்தான். 1823 ஜனவரியில், மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் வேலைக்கு நடுவிலேயே லாம்டன் இறந்தார். அளவையை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனவர் எவரெஸ்ட். அவருடைய கருவிகளைப் பழுது பார்த்தவர்களில் முக்கியமானவர் நம் ஆற்காட்டுக்காரர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். எவரெஸ்ட் அரசிடம் வாதாடி, 1843-இல் அவரை அரசின் கருவி செய்பவராக நியமிக்க வைத்தார்.