நிதிகளின் நிதியிலிருந்து நேரடி முதலீட்டுக்கு: சுங்கை சிப்புட் தம்பிக்குப் பதில்

தம்பி, ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸில் (மற்ற ஃபண்டுகளில் பணம் போடும் ஃபண்ட்) நான்கு வருடம் வேலை செய்தும், பிரைவேட் ஈக்விட்டிக்கு (கம்பெனிகளையே நேரடியாக வாங்கி, வளர்த்து, விற்கும் முதலீட்டு நிறுவனங்கள்) மனு போட்டால் "நேரடி டீல் அனுபவம் இல்லை" என்று திருப்பி விடுகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சந்தேகம் ஒன்றுதான்: ஒரு கம்பெனியின் கணக்கைப் பிரித்து மேய உங்களுக்கு வருமா?

இப்போதைய வேலையிலேயே கோ-இன்வெஸ்ட்மென்ட் (ஒரு ஃபண்டோடு சேர்ந்து ஒரே கம்பெனியில் நேரடியாகப் பணம் போடுவது) கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அதில்தான் தனிக் கம்பெனியின் மாடல் (வருங்கால வரவு செலவைக் கணிக்கும் எக்செல் கணக்கு), கடன் நிபந்தனை, வெளியேறும் வழி எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். செகண்டரி வேலையும் (ஃபண்டில் மற்றவர் வைத்திருக்கும் பங்கை இடையில் வாங்குவது) ஓரளவு உதவும்.

அடுத்தது, வேலைக்கு எடுக்கும்போது வைக்கும் மாடலிங் தேர்வு. வெற்று எக்செல் தாளில் லாப நட்டம், பேலன்ஸ் ஷீட், பணப்புழக்கம் என்ற மூன்று அறிக்கைகளையும் கட்டி, கடன் அட்டவணை போட்டு, ஐஆர்ஆர் (முதலீட்டின் வருடாந்திர வருவாய் விகிதம்) வரை போகவேண்டும். டெம்ப்ளேட்டிலேயே பழகியவர்களுக்கு பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சமமாக வராது. பெரும்பாலும் வொர்க்கிங் கேபிட்டலில் (சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி) கூட்டல் கழித்தல் மாறியிருக்கும்.

பயிற்சிக்கு புர்சாவில் (மலேசியப் பங்குச் சந்தை) உள்ள செம்பனைக் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையை எடுங்கள். ஊரில் பார்த்து வளர்ந்த தொழில்தானே! 2,000 ஹெக்டர், ஹெக்டருக்கு 18 டன் குலை, அதில் 20% எண்ணெய் என்று வைத்தால் வருடத்துக்கு 7,200 டன் எண்ணெய். எண்ணெய் விலை டன்னுக்கு 100 வெள்ளி இறங்கினால் வருமானத்தில் 720,000 வெள்ளி போச்சு. ஆனால் மர வயதைப் பார்க்காமல் அந்த 18-ஐப் பத்து வருடத்துக்கு இழுக்காதீர்கள். 25 வயதை ஒட்டி மறுநடவு. பிறகு சுமார் மூன்று வருடம் செலவு மட்டும்தான்.

பதவியில் ஒரு படி இறங்கச் சொன்னால் யோசிக்காமல் சேருங்கள். நேர்முகத்துக்கு மட்டும் ஃபண்டுகளின் காலாண்டு அறிக்கை எண்களைக் கொண்டு போகாதீர்கள், அவை ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை.