அண்ணனின் விசைப்படகில் பாதிப் பங்கு: மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கேள்வி: ராமேசுவரத்துக்கு அருகில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. எனக்கு 43 வயது. சொந்தமாக ஃபைபர் படகு இருக்கிறது. நான்கு பேர் கடலுக்குப் போகிறோம். செலவு போக வருவதை ஏழு பங்காகப் பிரிப்போம். ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. ஆக என் கைக்கு நான்கு பங்கு வரும். ஆண்டில் ஐந்து மாதம் 35,000 ரூபாய் வரை கிடைக்கும். மற்ற மாதங்களில் 13,000 வந்தாலே அதிகம். மனைவி கருவாடு விற்று மாதம் 7,000 சம்பாதிக்கிறாள். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு.

சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ராமேசுவரத்தில் விசைப்படகு வைத்திருக்கிறார். அவருடைய கூட்டாளி விலகுவதால் பாதிப் பங்கை 14 லட்சத்துக்கு என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆண்டுக்கு 90 முறை கடலுக்குப் போனால் 60 லட்சம் ரூபாய்க்கு மீன் விற்கும், ஒரு முறை போய்வர 50,000 செலவு, மிச்சத்தில் தொழிலாளர்களுக்கு நூற்றுக்கு 40 என்று கணக்குச் சொல்கிறார். நான் கடலில் இறங்க வேண்டாம், கரையில் இருந்து கணக்குப் பார்த்தால் போதும். ஃபைபர் படகை விற்றால் 3 லட்சம், சீட்டை எடுத்தால் 2 லட்சம், மனைவியின் 12 பவுனை அடகு வைத்தால் 5 லட்சம். மீதி 4 லட்சத்தை ஒரு மீன் வியாபாரி வட்டியில்லாமல் தருகிறார். பிடிக்கிற மீன் முழுவதையும் அவருக்கே போட வேண்டும். விலையைக் கொஞ்சம் குறைத்து எடுப்பார்.

மனைவி ஒரே பிடியாக மறுக்கிறாள். ஐந்து ஆண்டுக்கு முன் இன்ஜின் வாங்க வைத்த நகையை மீட்க மூன்று ஆண்டு ஆனதைச் சொல்லிக் காட்டுகிறாள். மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்கிறாள். முன்னேற நினைப்பது தவறா? அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: முன்னேற நினைப்பது தவறே இல்லை. இத்தனை ஆண்டுகள் கடலில் உடம்பை வருத்திய ஒருவர், கொஞ்சம் கரையில் உட்கார்ந்து பிழைக்கலாமே என்று ஆசைப்படுவது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டை நீங்கள் ஏற்கக் கூடாது என்றே சொல்வேன். நீங்கள் எழுதி அனுப்பிய எண்களை வைத்தே அதைக் காட்டுகிறேன்.

முதலில் வியாபாரியின் 4 லட்சம். வட்டியில்லாக் கடன் என்று அதற்குப் பெயர். விலையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் மட்டும் அவர் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். 60 லட்சம் மீனில் அது 3 லட்சம். அந்த 3 லட்சத்தில் 1,20,000 ரூபாய் தொழிலாளர்களின் பங்கில் குறையும், அண்ணனுக்கு 90,000, உங்களுக்கு 90,000. நீங்கள் ஒருவர் வாங்கும் 4 லட்சத்துக்காகப் படகில் ஏறுகிற அத்தனை பேரும் சேர்ந்து ஆண்டுக்கு 3 லட்சம் கட்டுகிறீர்கள். அசலோ அப்படியே நிற்கும். அதைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வரை வேறு யாரிடமும் மீன் போட முடியாது. நம் கடற்கரையில் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறையாக மீள முடியாமல் கிடப்பது இந்தக் கட்டில்தான். உங்கள் ஃபைபர் படகுக்கு இப்போது அப்படி ஒரு கட்டு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அந்தச் சுதந்திரம் பெரிய சொத்து. அதை விற்றுவிடாதீர்கள்.

இப்போது முழுக் கணக்கு. வியாபாரி குறைத்தது போக விற்பனை 57 லட்சம். 90 முறைக்குச் செலவு 45 லட்சம். மிச்சம் 12 லட்சம். தொழிலாளர் பங்கு 4,80,000 போனால் உரிமையாளர்கள் இருவருக்கும் 7,20,000. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மரவேலை, வண்ணம், இன்ஜின் பழுது பார்க்க 2,40,000 என்று குறைத்தே போடுகிறேன். மீதி 4,80,000, அதில் உங்கள் பாதி 2,40,000. 5 லட்சம் நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் வட்டி 45,000. கையில் நிற்பது 1,95,000 ரூபாய், மாதத்துக்கு 16,250. ஃபைபர் படகு இன்று உங்களுக்குத் தருவது ஆண்டுக்கு 2,66,000, மாதத்துக்குச் சராசரியாக 22,000. அதில் உங்கள் உழைப்புக்கான பங்கும் அடங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் 14 லட்சத்தைப் போட்டு, இருக்கிற படகையும் விற்று, வீட்டு வருமானத்தைக் குறைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. அதுவும் அண்ணன் சொன்ன 90 முறையும் தவறாமல் போனால்தான். வேலைநிறுத்தம், காற்று எச்சரிக்கை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் முன்பணம் எதையும் நான் கழிக்கவில்லை. நகையை மீட்க வேண்டிய 5 லட்சம் அசலையும் இதில் தொடவே இல்லை. குடும்பம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இருந்தாலும் அதற்கு இரண்டரை ஆண்டு ஆகும். மூன்று ஆண்டு அனுபவப்பட்ட உங்கள் மனைவி, தாளில் எழுதாமலே இந்த விடைக்கு வந்திருக்கிறார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதே 61 நாளில் உங்கள் ஃபைபர் படகு போன்ற நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. சந்தையில் மீன் வரத்து குறைந்து நல்ல விலை கிடைப்பதும் அப்போதுதான். விற்கலாம் என்று நீங்கள் நினைக்கிற படகு, ஆண்டின் நல்ல பருவத்தைத் தனியாக உங்களுக்குக் கொடுக்கிற படகு.

இன்னொன்றைச் சொல்லும்போது உங்கள் அண்ணன் வருத்தப்படலாம், ஆனால் சொல்லியாக வேண்டும். ராமேசுவரம் விசைப்படகுகள் பெரும்பாலும் செய்வது இழுவைமடித் தொழில், அதாவது கடலடியில் வலையை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பது. நமக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் நீரிணையில் அந்தத் தொழிலுக்கு முன்னால் தெரிகிற பாதை குறுகிக்கொண்டே போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகள் தொடர்பான தன் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. எல்லை தாண்டியதாகப் பிடிபடும் படகை மீட்க உரிமையாளர் அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பல படகுகள் அரசுடைமையாகித் திரும்பி வரவே இல்லை. வழக்கமான படகுக் காப்பீட்டில் இன்னொரு நாட்டு அரசு பறிமுதல் செய்வது விலக்கப்பட்ட இனம். அண்ணனின் பாலிசியை வாங்கி அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள். நம் அரசும் இழுவைப்படகுகளைக் குறைக்கத்தான் 2017இல் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மானியம் கொடுத்து ஆட்களை வெளியே கொண்டுவரப் பார்க்கிற ஒரு தொழிலுக்குள், வீட்டில் உள்ள கடைசிப் பவுனையும் போட்டு நீங்கள் நுழையப் பார்க்கிறீர்கள். ஒரே இரவில் 14 லட்சமும் போகக்கூடிய இடம் அது. கடன் மட்டும் கரையிலேயே இருக்கும்.

படகின் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணன் பெயரில் இருந்தால், எழுத்தில் கூட்டு ஒப்பந்தம் இல்லாத உங்கள் பாதி வாய்ச்சொல்லாக மட்டுமே நிற்கும். அண்ணன் நல்லவராக இருக்கலாம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் பிள்ளைகளிடம் எதைக் காட்டி உங்கள் பங்கைக் கேட்பீர்கள்?

இனி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது என்று கேட்டீர்கள். உங்கள் ஏழு பங்குக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். படகுக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. நம் முன்னோர் மிக நேர்த்தியாக வகுத்த முறை இது. தேய்கிற பொருள் எதுவோ அதற்கு ஒரு பங்கு. ஆனால் அந்த இன்ஜினை வாங்கிக் கொடுத்த நகைக்கு எந்தப் பங்கும் போடப்படவில்லை. மூன்று ஆண்டு அந்தத் தங்கம் தொழிலில் முதலாக நின்றது. உங்கள் மனைவி உங்களுக்கே தெரியாமல் படகின் கூட்டாளியாக இருந்திருக்கிறார், லாபத்தில் பங்கில்லாத கூட்டாளி. இப்போது அவரிடம் முழு முதலையும் கேட்கிறீர்கள். மறுத்தால் புரியவில்லை என்கிறீர்கள். அந்த நகை சட்டப்படியும் அவருடைய சொத்து. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது: கஷ்ட காலத்தில் கணவன் சீதனத்தைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டிய கடமை அவனுக்கு உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம். வற்புறுத்தி வாங்கும் சம்மதத்தையும் நான் சம்மதமாகக் கருத மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். படகே வேண்டாம் என்று உங்கள் மனைவி எங்கும் சொல்லவில்லை. நகை போகக் கூடாது, மகள் படிக்க வேண்டும், இவ்வளவுதான் அவர் கேட்பது. இரண்டும் உங்கள் படகோடு சேர்ந்தே நடக்கக்கூடியவை.

இந்த மாதத்திலிருந்து இன்ஜின் பங்கை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உங்கள் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்த ஒரு வங்கிக் கணக்கில் போடுங்கள். நல்ல மாதத்தில் ஒரு பங்கு 8,750 ரூபாய், மோசமான மாதத்தில் 3,250. ஆண்டுக்கு 66,500 சேரும், இரண்டு ஆண்டில் 1,33,000. அடுத்த முறை இன்ஜின் கைவிட்டால் நகைப் பெட்டி பக்கம் பார்வை போகாது. மூன்று பங்கையும் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வருமானத்தில் வீடு தாங்காது. ஒரு பங்கை மட்டும் கண்டிப்பாக ஒதுக்குங்கள். கணக்கு நோட்டை மனைவி எழுதட்டும். கருவாட்டுக்கு உப்பு, ஆட்டோ கூலி என்று காசு காசாகக் கணக்கு வைத்துப் பழகியவர் அவர்.

வலை, பழுதுபார்ப்பு போன்ற அன்றாடத் தேவைக்குக் கிசான் கடன் அட்டை இருக்கிறது. விவசாயிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2019 முதல் மீனவர்களுக்கும் தருகிறார்கள். 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4 சதவீதமாகிறது. கருவாட்டு வியாபாரத்துக்கு உங்கள் மனைவியும் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். படகையோ வலையையோ புதுப்பிக்க நினைத்தால், பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்பது விதி. விண்ணப்பிப்பதற்கு முன் யார் பெயரில் போடலாம் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

சீட்டுப் பணம் 2 லட்சத்தை மகளுக்கென்று வையுங்கள். அதில் ஒரு பகுதியை, மோசமான மூன்று மாதத்துக்கு வீட்டை ஓட்டும் அளவுக்கு, அஞ்சலகத்திலோ வங்கியிலோ எளிதில் எடுக்கும்படி போடுங்கள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு உங்கள் கைக்குள் அடங்கும். தனியார் கல்லூரி என்றால் 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் ஈடும் கேட்பதில்லை, நாம் முன்பணம் போட வேண்டியதும் இல்லை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்குக்கே வரும். ஒரு செவிலியரின் மாதச் சம்பளம் காற்றையும் தடைக்காலத்தையும் பார்த்து வருவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு வருமானம் இதுவரை இருந்ததே இல்லை. 14 லட்சத்துக்கு நீங்கள் தேடுகிற முன்னேற்றம் அதைவிடக் குறைந்த செலவில் உங்கள் மகளிடம் இருக்கிறது.

காப்பீட்டையும் சரிபாருங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கு 5 லட்சம் உண்டு, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். இயற்கையான இறப்புக்கும் சேர்த்து வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் பாலிசி இருக்கிறது. கடலுக்குப் போகிற ஒருவர் அதை எடுக்காமல் இருக்கவே கூடாது.

விசைப்படகு ஆசையை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. மகள் படிப்பு முடிந்து, ஃபைபர் படகும் கையில் இருந்து, நகையும் வியாபாரி பணமும் இல்லாமல் சேர்த்த முதல் இருந்தால், பதிவிலும் ஒப்பந்தத்திலும் உங்கள் பெயர் ஏறும் என்றால், அன்று மறுபடியும் எழுதுங்கள். அப்போதும் இழுவைப்படகாக இல்லாமல், மீனின் செவுளில் மாட்டும் செவுள்வலையோ நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலோ போடும் படகாக இருந்தால் நல்லது.

அண்ணனிடம் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மனைவி மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். உறவுக்குள் அது அவருக்குத் தீராத பேச்சாகிவிடும். நான் கணக்குப் பார்த்தேன், எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பிறகு படகுப் பதிவுச் சான்று, சங்க உறுப்பினர் அட்டை, ஆதார், இருவரின் வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கடலுக்குப் போகாத ஒரு நாளில் இருவருமாக வங்கிக்குப் போய்க் கடன் அட்டைக்கு விண்ணப்பம் கொடுங்கள்.