கேள்வி–பதில்: கெப் குடிக்கும் டீசல்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2.5 லீற்றர் டர்போ டீசல் டபுள் கெப், மெனுவல் கியர். வவுனியா போய்வந்தால் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் தருகிறது, கொழும்புக்குள் 7ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. விடியற்காலையில் பேலியகொடையில் மரக்கறி ஏற்றி வெள்ளவத்தைக் கடைக்குக் கொண்டுவருவேன், பிறகு பகல் முழுக்க டெலிவரி. போன வருடம் 245/70 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 265/75 ஆர்16 போட்டேன். எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொல்கிறார் கராஜ் பாஸ். மாற்றவா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. இன்ஜெக்டர் கெட்டிருந்தால் வவுனியாப் பாதையில் மட்டும் அது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாது. கரும்புகை, காலையில் ஸ்டார்ட் எடுக்க அடம், ஐட்லிங்கில் உதறல், இதில் ஏதாவது இருந்தால் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள். மாற்றுவது அதற்கும் பிறகு.

முதலில் அந்த டயர். உங்கள் புது டயரின் விட்டம் பழையதை விட ஏறத்தாழ 7 சதவீதம் கூட. மீற்றர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 107 கிலோமீற்றர் ஓடியிருக்கிறீர்கள், ஆகவே உங்கள் 7 என்பது 7.5. சந்தோஷப்பட வேண்டாம், வேகமும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும், பொலிஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லித் தப்ப முடியாது. பெரிய டயர் என்றால் பாரமும் கூட, ஒவ்வொரு கலர் லைட்டிலும் அதை நின்ற இடத்திலிருந்து சுழற்ற வேண்டும். பழைய சைஸுக்குத் திரும்புவதுதான் என் யோசனை. காற்றின் அளவு டிரைவர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும், பாரம் ஏற்றினால் பின்டயருக்கு அங்கே வேறு எண் இருக்கும், அதையும் பாருங்கள்.

இனி முக்கியமான இடம். பாரத்தோடு 2 டன் நிறையுள்ள கெப்பை 40 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுவர, எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கிட்டத்தட்ட 11 அல்லது 12 மில்லிலீற்றர் டீசல் போகும். பிரேக்கை மிதித்தால் அவ்வளவும் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஆமர் வீதிச் சந்தியிலும் காலி வீதியிலுமாக ஒரு நாளில் 100 தரம் அப்படி ஏறி நின்றால் ஒரு லீற்றருக்கு மேல் பிரேக்குக்கே படையல். அதே 20 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நின்றால் நட்டம் நாலில் ஒரு பங்குதான். முன்னால் சிவப்பு தெரிகிறதா, அப்போதே எக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். முன்னுக்குப் போன முச்சக்கரவண்டிக்காரரும் அதே சிவப்பில்தான் நிற்பார். நேரம் ஒத்துவந்தால் காலி வீதியை விட்டு மரைன் டிரைவால் போங்கள், நிற்கும் இடங்கள் குறைவு.

இறக்கி ஏற்றும்போது எஞ்சினை ஓடவிடுகிறீர்களா? இந்த அளவு டீசல் எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும், ஏசியும் போட்டால் இன்னும் கூட. 2022 இல் கியூஆர் காட்டி லீற்றர் எண்ணி அடித்த நாட்களில் நாம் எல்லோரும் சாவியைத் திருப்பிவைத்தோம், இப்போது மறந்துவிட்டோம்.

அப்புறம் ஒரு சங்கதி, என் சொந்த வண்டியில் பட்டது. ஒரு கராஜில் “எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை” என்று தர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வைக் கழற்றிவிட்டார்கள். எனக்குச் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு நகர ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவே இல்லை. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடிப்பாக இருக்கும், உராய்வு கூடும், எஞ்சினின் கணினியும் கூடுதலாக டீசல் தெளிக்க வைக்கும். இரண்டு மாதம் தேடித்தான் கண்டுபிடித்தேன். உங்கள் சூட்டு முள் 20 நிமிடம் ஓடியும் நடுவுக்கு வராவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள்.

கடலோரத்தில் ஓடும் வண்டி என்பதால் பிரேக் கலிப்பரில் (பிரேக் பேட்டை அழுத்தும் இடுக்கியில்) உப்புத் துரு பிடித்து, காலை எடுத்த பிறகும் சில்லை விடாமல் இறுகியிருக்கவும் கூடும். பத்து நிமிடம் ஓடி நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் கள்ளன். கெப் நான்கு சில்லு இழுவை என்றால் லீவர் 2எச்சில் (இரண்டு சில்லு இழுவையில்) இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கேள்வி: பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் உருட்டினால் மிச்சமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. கணினி கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் கொமன் ரெயில் எஞ்சினில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் டீசல் தெளிப்பே நின்றுவிடும், சில்லுதான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் அது ஐட்லிங்குக்குக் குடிக்கும். எஞ்சின் பிரேக்கும் போய்விடும்.

கேள்வி: டீசலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் நன்றாக இழுக்கிறது என்கிறார்கள். சுப்பர் டீசல் அடித்தால் கிலோமீற்றர் கூடுமா?
— வாசகர், தெகிவளை

பதில்: மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள். டீசல் பம்பை வழுக்கவைப்பது டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் குறைவு, உயர் அழுத்தப் பம்ப் தேய்ந்து அந்தத் தூள் இன்ஜெக்டருக்குள் போகும். லீற்றருக்கு லீற்றர் சக்தியும் அதில் குறைவு. சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள புது வண்டிக்கு அது தேவை. பழைய கெப்புக்குக் கிலோமீற்றரை எதிர்பார்த்து அடிக்காதீர்கள். சந்தேகமென்றால் டாங்கியை நிரப்பி, மீற்றரைக் குறித்து, மூன்று டாங்கி ஓடிப் பாருங்கள், அதே பம்பில், அதே அளவுக்கு நிரப்பி. ஒரு டாங்கிக் கணக்கை நான் நம்பமாட்டேன், மழை நாளில் கொழும்பு நெரிசல் உங்களுக்குத் தெரியாததா.