கேளுங்கள் சொல்கிறோம்: பழைய ஆட்டம், புதிய தொகுப்பு

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி என்ற பழைய சாகச வீடியோ கேம் வரிசையின் முதல் ஆறு ஆட்டங்களைப் புதுப்பித்துத் தரும் பிக்சல் ரீமாஸ்டர் தொகுப்பை நின்டெண்டோ சுவிட்ச் கேம் கருவியில் வாங்கினேன். ஆறில் எதை முதலில் ஆடலாம்? நாலடி வைத்தால் ஒரு சண்டை. வேலை முடிந்து வந்து ஆட அலுப்பாக இருக்கிறது. மழைக்கு எங்கள் தோட்டத்தில் மின்சாரமும் போய்விடும்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வரிசைப்படி ஆட வேண்டியதில்லை, ஆறும் தனித்தனிக் கதை. நான்காவதிலோ, 1994இல் வந்த ஆறாவதிலோ தொடங்குங்கள்.

சண்டைக்கு: வலது ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் வழியில் எதிரி வராது. ஆனால் குகை முழுக்க அப்படியே ஓடினால், சண்டையில் கிடைத்து உங்கள் ஆட்களை வலுவாக்கும் அனுபவப் புள்ளியும் காசும் சேராமல் கடைசிப் பெரிய எதிரியிடம் அடிபடுவீர்கள். போகும்போது சண்டை போட்டு, திரும்பும்போது மட்டும் நிறுத்துங்கள். அமைப்புப் பகுதியில் அனுபவப் புள்ளியை 4 மடங்கு வரை கூட்டலாம். 2 போதும், 4 வைத்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

இரண்டாவது ஆட்டம்தான் பலரையும் கவிழ்க்கும். அதில் ஆட்களுக்கு லெவல் என்ற வலிமைப் படியே கிடையாது. வாள் வீசினால் வாள் திறன் வளரும், மந்திரம் போட்டால் அந்த மந்திரம் மட்டும் வளரும். ஆளுக்கு ஓர் ஆயுதம், இரண்டு மூன்று மந்திரம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். கனமான கவசம் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அடியைத் தவிர்க்கும் திறனை அதுவே குறைக்கும். கேடயம் நல்லது.

மின்சாரத்துக்கு அஞ்ச வேண்டாம். இடம் மாறும்போது தானாகவே சேமிக்கும், சண்டைக்கு வெளியே எங்கும் விரைவுச் சேமிப்பு உண்டு. எழுத்து கண்ணை உறுத்தினால் எழுத்துருவையும் அமைப்புப் பகுதியிலேயே மாற்றலாம்.