சோலார் ஹீட்டரில் கூலண்ட்: குடிநீருக்கு ஆபத்தா?

கேள்வி: திருவொற்றியூரில் மாடி வீடு, போர் தண்ணீர் ஒரே உப்பு. பழைய சோலார் ஹீட்டரின் குழாய்கள் உப்பு படிந்து அடைத்துவிட்டன. ஹீட் எக்ஸ்சேஞ்சர் (பேனலில் சூடான திரவத்தின் சூட்டை, கலக்காமல், குழாய்ச் சுவர் வழியாக நம் தண்ணீருக்குக் கடத்தும் காயில்) வைத்த மாடல் வாங்கலாம் என்றிருக்கிறோம். பேனலில் கூலண்ட் ஓடும், உப்பு படியாது என்கிறார் கடைக்காரர். அப்படியானால் டபுள் வால் (இரட்டைச் சுவர்) காயில் கேட்டு வாங்கு என்கிறார் அண்ணன். விலை கூடுகிறது. வெந்நீர் லைன் சமையலறைக்கும் வருகிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: சென்னையில் கூலண்ட் எதற்கு?

குளிர் ஊர்களில் இரவில் பேனலுக்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் கிளைக்கால் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். மார்கழியிலும் திருவொற்றியூரில் தண்ணீர் உறையாது. பேனலில் உப்பு படியாமல் இருப்பதற்குக் காரணம் கூலண்ட் இல்லை. ஒரே திரவம் திரும்பத் திரும்பச் சுற்றுவதுதான். புதுத் தண்ணீர் வந்தால்தானே புது உப்பு வரும்? ஆகவே அந்தச் சுற்றில் கேன் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். அப்போது ஒற்றைச் சுவர் போதும். சுவர் ஓட்டையானாலும் நல்ல தண்ணீர்தான் உங்கள் தண்ணீரில் கலக்கும்.

கூலண்ட்தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், டபுள் வால் இல்லாமல் வாங்காதீர்கள். வண்டிக்கு ஊற்றும் கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பாக வேறு இருக்கும், குழந்தை முகம் சுளிக்காமல் குடித்துவிடும். புரொப்பிலீன் கிளைக்கால் அவ்வளவு கெடுதல் இல்லை என்றாலும், துருப்பிடிக்காமல் இருக்க அதோடு என்ன மருந்து கலந்திருக்கிறார்கள் என்பது பில்லில் இருக்காது.

"தண்ணீர் அழுத்தம் நம் பக்கம் அதிகம், அதனால் கூலண்ட் இந்தப் பக்கம் வராது" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மேல் டேங்க் நிறைந்திருக்கும்வரை அது சரி. மோட்டார் ரிப்பேராகி டேங்க் காலியாகும் நாளில் நம் பக்க அழுத்தம் இறங்கிவிடும். காயிலில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும், கூலண்ட் நம் தண்ணீருக்குள் வந்துவிடும். மாடியில் டேங்க் காலியாகாத வீடு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

டபுள் வால் என்றால் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். நடுவில் மெல்லிய இடைவெளி, அது வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். எந்தச் சுவர் ஓட்டையானாலும் கசிவு அந்த இடைவெளி வழியாக வெளியே சொட்டும். இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று தொடாது. இடைவெளி காரணமாகச் சூடு கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது சொட்டும் வாய் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அது வெறும் தடித்த சுவர். இரண்டு சுவரில் ஒன்று போனாலும் உங்களுக்குத் தெரியவராது.

அந்த வாயை யாரும் அடைக்கக் கூடாது. தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில், "சும்மா சொட்டுகிறது" என்று ப்ளம்பர் எம்-சீல் வைத்துப் பூசிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் உள்ளே ஒரு சுவர் ஏற்கெனவே போயிருந்தது, அதைச் சொல்ல இருந்த ஒரே வழியையும் மூடிவிட்டார். அந்த வாய்க்குக் கீழே ஒரு சின்ன டப்பாவைக் கட்டிவையுங்கள், சொட்டினால் கண்ணில் படும்.

உங்கள் ஊருக்கு நான் அதிகம் கவலைப்படுவது உலோகத்தைப் பற்றி. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். உங்கள் கடற்கரையோர போர்களிலும் அதுதான் நிலைமை. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். வேறு வழியே இல்லாவிட்டால் 1,000 வரை. குளோரைடு அதிகமுள்ள சூடான தண்ணீர் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே புள்ளி புள்ளியாக அரித்துவிடும். முதலில் போர் தண்ணீரை லேபில் சோதித்துப் பாருங்கள். குளோரைடு அதிகமாக இருந்தால் 316 வகை கேளுங்கள், அல்லது ஹீட்டருக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் லைனைத் திருப்பிவிடுங்கள். டபுள் வாலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை இதில் போடுவதே எனக்கு மேலாகப் படுகிறது.

ஒற்றைச் சுவர் வாங்கினால் சுற்றின் மேலுள்ள சின்ன டேங்கை மாதம் ஒரு தடவை, வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். மட்டம் சட்டென்று இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் உங்கள் தண்ணீருக்குள்தான் போகிறது. நிரம்பி வழிந்தால் உங்கள் தண்ணீர் அங்கே போகிறது. இரண்டுக்கும் காயிலை மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம், எந்த ஹீட்டர் வைத்தாலும் சமையலறை வெந்நீர்க் குழாயைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பால் பவுடருக்குக் குடிதண்ணீரை அடுப்பில் தனியாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.